காமன் பொட்டலும் பூனாகலை ஓயாவும்: மலையகத் திறந்தவெளி விழாக்களின் சூழல் வரலாறு பற்றிய சில குறிப்புக்கள்

விழாவினால் நீர் மாசுற்ற செய்தியைத் தமிழிலக்கியத்திலே தேட விரும்புவோர் பரிபாடலைப் புரட்டுதல் தகும். வையையிற் புதுப்புனல் வந்தபோது மதுரை மாந்தர் திரண்டு சென்று நீராடிய காட்சியை அந்நூலின் வையைப் பாடல்கள் விரித்துரைக்கின்றன. நீராடியோர் விட்ட மலரும் மாலையும் சாந்தும் கள்ளும் கலந்தமையால் ஆற்றுநீர் தன் இயல்பு திரிந்தது கண்டு அந்தணர் அதில் இறங்கத் தயங்கினர் என்ற குறிப்பும் அவற்றிடையே காணப்படுகின்றது. புலவர் இதனைக் குறையாகக் கூறினாரல்லர். விழாவின் பொலிவுக்குச் சான்றாகவே கூறினார். ஆயினும், மகிழ்ச்சிக்கும் நீர்த்தூய்மைக்கும் இடையிலான முரண்பாடு நம் காலத்திற் புதிதாகத் தோன்றிய ஒன்றன்று என்பதை உணர்த்த அச்சிறு குறிப்பே போதுமானது.

இக்கட்டுரை வையைக் கரையைப் பற்றியதன்று. ஊவா மாகாணத்துப் பெருந்தோட்டங்களைப் பற்றியது. பதுளை மாவட்டத்திலே, பண்டாரவளைக்கும் கொஸ்லாந்தைக்கும் இடைப்பட்ட மலைச்சரிவில் அமைந்துள்ள பூனாகலை என்னும் தோட்டப் பிரதேசத்தை மையமாகக் கொண்டு, மலையகத் தமிழர் வெட்டவெளியிற் கொண்டாடிவந்த விழாக்கள் மண்ணையும் மரத்தையும் நீரையும் எவ்வாறு பயன்படுத்தின, அப்பயன்பாடு எவ்வாறு மாறியது என்பதை நோக்குதலே இதன் நோக்கமாகும். மலையக நாட்டார் கலைகள் பற்றி ஓரளவுக்கேனும் எழுதப்பட்டுள்ளது. சி. வி. வேலுப்பிள்ளை பாடல்களைத் தொகுத்தளித்தார். மாத்தளை வடிவேலன் போன்றோர் கூத்துக்களையும் வழிபாடுகளையும் ஆராய்ந்தனர். ஆனால் அக்கலைகள் எப்பொருள்களைக் கொண்டு, எந்நிலத்தின்மேல், எவருடைய அனுமதியோடு நிகழ்ந்தன என்ற வினா அதிகம் எழுப்பப்படவில்லை.

முதலில் நிலத்தை நோக்குவோம். பூனாகலை மலைகளில் ஊறும் நீர் பூனாகலை ஓயாவாகத் திரண்டு, கொஸ்லாந்தைக்கு அப்பால் ஏறத்தாழ 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலும நீர்வீழ்ச்சியாக வீழ்கின்றது. வீழ்ந்த நீர் குடா ஓயாவையும், அதன்வழியே கிரிந்தி ஓயாவையும் சென்றடைகின்றது. கிரிந்தி ஓயாவின் நீரே 1980 களில் அமைக்கப்பட்ட லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தை நிரப்புகின்றது. அதற்குப் பன்னூற்றாண்டுகள் முன்னரே திஸ்ஸமகாராமைப் பகுதியின் வாவிகளுக்கும் வயல்களுக்கும் உயிரூட்டிவந்தது. எனவே பூனாகலையிலுள்ள ஓர் ஓடையில் விடப்படும் எப்பொருளும் உருகுணையின் நெல்வயல் வரை செல்லத்தக்கது. மலையின் மேலே தமிழ்த் தொழிலாளி கரகம் ஜோடிக்கும் நீரும், கீழே சிங்கள விவசாயி நாற்று நடும் நீரும் ஒன்றே. இந்த உறவு எந்த வரலாற்று நூலிலும் இன உறவுகள் என்ற தலைப்பின்கீழ் இடம்பெற்றதாகத் தெரியவில்லை, இடம்பெற்றிருக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இம்மலைகளின் பெரும்பகுதியைக் காடும் பத்தனைப் புல்வெளியும் மூடியிருந்தன. 1830 களிலிருந்து விரைவுற்ற கோப்பிப் பயிர்ச்செய்கை காட்டை அழித்தது. 1869 இல் இனங்காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. பின் வந்த தேயிலை எஞ்சிய காட்டிலும் கைவைத்தது. தோமஸ் லிப்டன் அயலிலுள்ள தம்பேதென்னையை வாங்கிய 1890 ஆம் ஆண்டளவில் ஊவாவின் மேற்சரிவுகள் இன்று நாம் காணும் பச்சைக் கம்பளத் தோற்றத்தைப் பெறத் தொடங்கிவிட்டன. இதனை இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. சுற்றாடல் கேடு என்ற பேச்சு எழுந்தவுடன் திருவிழாவில் எறியப்பட்ட பொலித்தீன் பையே பலருடைய கண்ணில் முதலில் படுகின்றது. மலையையே மொட்டையடித்த மூலதனத்தின் கணக்கை முதலில் எழுதிவிட்டே அப்பையின் கணக்கை எழுதுதல் நியாயமாகும்.

அழிக்கப்பட்ட அந்நிலத்தில் லயங்களிற் குடியமர்த்தப்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர் தம் தெய்வங்களையும் உடன்கொண்டு வந்தனர். எனினும் கோயில் கட்ட அவர்களுக்கு நிலம் இல்லை. ஆகவே தொடக்கத்தில் வழிபாடு மரத்தடியில், கல்லொன்றின்முன் நிகழ்ந்தது. மாடசாமி, முனியாண்டி ஆகிய ஊர்த் தெய்வங்களோடு தோட்டத் தொழிலே புதிய தெய்வங்களையும் படைத்தது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும்போது கவ்வாத்துச் சாமி கும்பிடப்பட்டது. தொழிற்சாலை இயந்திரத்தின் ரோதையிலே ரோதமுனி குடிகொண்டார். உற்பத்தி முறை மாறுமிடத்து வழிபாடும் மாறும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை நாட்டாரியல் மாணவர் எங்கும் தேடவேண்டியதில்லை. இத்தெய்வங்களுக்கு வேண்டப்பட்டவை ஒரு கல், ஒரு மரம், சிறிது எண்ணெய், ஒரு தேங்காய், வசதியிருப்பின் ஒரு சேவல். விழா முடிந்தபின் அவ்விடத்திலே எஞ்சுவது சாம்பலும் இறகுமே.

இனி, மலையகத்தின் திறந்தவெளி விழாக்களுள் தலையாயதெனக் கொள்ளத்தக்க காமன் கூத்தினை விரிவாக நோக்கலாம். மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாளளவில் காமன் ஊன்றப்படுவதும், பௌர்ணமியை ஒட்டித் தகனம் நிகழ்வதும் பொது வழக்கு. லயங்களை அடுத்துள்ள சமதரையொன்று இதற்கென ஒதுக்கப்படும். அதுவே காமன் பொட்டல் எனப்படுவது. சிவனுடைய தவத்தைக் கலைக்க ஏவப்பட்ட மன்மதன், தடுக்கும் ரதி, ஓலை கொணரும் தூதன், வீரபத்திரன், எமன், குறவன், குறத்தி எனப் பாத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொட்டலுக்கு வருவர். பார்ப்போர் ஒருபுறமும் ஆடுவோர் ஒருபுறமும் எனப் பிரிக்கும் மேடை இல்லை. லயம் முழுவதுமே அரங்கு. வேடமிட்டோர் வீட்டு வாசல்களுக்குச் செல்வதும் உண்டு. காமன் எரிந்தானா, எரியவில்லையா என இரு கட்சிகளாகப் பிரிந்து இலாவணி பாடும் மரபு தமிழகத்திலே தஞ்சைப் பகுதியில் வலுப்பெற்றிருந்தது; அதன் சாயல் மலையகத்துப் பாடல்களிலும் உண்டு.

நமது நோக்குக்கு முக்கியமானவை இக்கூத்தின் பொருள்கள். ஊன்றப்படும் கம்பம் இடத்துக்கிடம் வேறுபடினும், ஆமணக்கு, கரும்பு, வைக்கோற்புரி, மாவிலை போன்றனவே அதற்குப் பெரும்பாலும் பயன்பட்டன. ஆமணக்கு வேலியோரத்திலும் குப்பைமேட்டிலும் தானே முளைக்கும் செடி. தேயிலைச் செடியையோ நிழல்மரத்தையோ எவரும் காமனுக்காக வெட்டினாரல்லர். அது பக்தியினாலா, அச்சத்தினாலா? இரண்டும் இருந்திருக்கலாம். தோட்டத்து மரம் தோட்டத்துக்குரியது. அதில் ஒரு கிளையை வெட்டவும் துரையின் இசைவு வேண்டும். அருச்சுனன் தபசுக் கூத்துக்கு வேண்டிய உயர்ந்த தபசு மரத்துக்கு அவ்வாறு இசைவு கேட்டே ஆகவேண்டியிருந்தது. ஆகவே எவருடைய உடைமையும் ஆகாத செடியைத் தெய்வமாக்கும் மரபு உடைமையற்ற மக்களுக்கு இயைவதாயிற்று எனக் கருத இடமுண்டு. சுற்றாடலுக்கு இசைந்த விழா என இன்று நாம் போற்றும் பண்பின் ஒரு பகுதி வறுமை ஈன்ற குழந்தை. இதனை மறைத்து முன்னோரின் பசுமை ஞானம் எனப் புகழ்வது வரலாறாகாது.

ஆயினும் அதனை வறுமையென்று மட்டும் தள்ளிவிடவும் இயலாது. அறிவும் அதிற் கலந்திருந்தது. பொட்டலைத் தேர்ந்த முறையைப் பாருங்கள். மாசி மாதம் இம்மலைகளில் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, சித்திரை இடிமழை தொடங்குவதற்கு முற்பட்ட இடைவெளி. மானாப்புல் காய்ந்து நிற்கும் காலம். ஊவாவின் பத்தனைகளிலே ஒரு பொறி பட்டால் முழுச்சரிவும் பற்றிக்கொள்ளும். அத்தகைய காலத்தில் தீயை மையமாகக் கொண்ட விழாவொன்றை நடத்துவோர் புல் செதுக்கப்பட்ட, நாற்புறமும் வெறுமையான தரையையே நாடுவர். பொட்டல் என்ற சொல்லே அதைத்தான் குறிக்கின்றது. எரிக்கப்படுவனவும் வைக்கோலும் வறட்டியும் காய்ந்த குச்சியுமே. மறுநாள் மழை வந்தால் அச்சாம்பல் பக்கத்து மரக்கறித் தோட்டத்துக்கு உரமாகும்.

தப்பின் கதையும் இவ்வாறே. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய விலங்குத்தோலே தப்பு. ஈரம் ஏறித் தளர்ந்தால் சருகுத்தீயிற் காய்ச்சி முறுக்கேற்றுவர். மின்சாரமோ மின்கலமோ அதற்கு வேண்டா. விடியலிலே பெரட்டுக்கு ஆட்களை எழுப்பிய அதே தோற்கருவி, மாசி இரவுகளில் அவர்களை ஆட அழைத்தது. உழைப்பை வாங்கிய ஓசையை மக்கள் தம் மகிழ்ச்சிக்கு மீட்டுக்கொண்டனர் என இதனைக் கூறலாம். அதே வேளையில், தப்படித்தல் ஒரு சாதியினரின் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது என்ற உண்மையையும் மறத்தலாகாது. மாசற்ற விழா என்பது குறையற்ற சமூகம் என்றாகிவிடாது. பொருள்களிற்கூட எல்லாம் தூயன அல்ல. கூத்தர் முகத்திற் பூசிய மஞ்சள் நிறப் பொருளான அரிதாரம் ஆசனிக்கு என்னும் நஞ்சின் சேர்மம். ஒப்பனைக்கே அரிதாரம் எனப் பெயர் வருமளவுக்கு அது வழக்கில் இருந்தது.

மாரியம்மன் திருவிழா காமன் கூத்திலும் செல்வச் செழிப்புடையது. கங்காணிமார் செல்வாக்கின்கீழ் தோட்டக் கோயில்கள் கட்டடமாக எழுந்தபின், திருவிழாச் செலவுக்கு ஒவ்வொரு தொழிலாளியின் சம்பளத்திலிருந்தும் பணம் பிடித்துக்கொள்ளும் வழக்கம் பல தோட்டங்களில் நிலைபெற்றது. இவ்விழாவின் நடுவிடம் கோயிலன்று, ஓடையே. கரகம் பாலிப்பது ஓடைக்கரையில். பாற்குடமும் காவடியும் புறப்படுவது அங்கிருந்து. இருட்டறையில் வளர்த்த முளைப்பாரியைக் கரைப்பதும் அங்குதான். மஞ்சள்நீரும் பூவும் முளைத்த தானியமும் ஓடையிற் சேர்ந்தன. மீனும் மண்ணும் அவற்றை ஏற்றுக்கொண்டன. வேப்பிலையைப் பற்றி ஒரு சொல். வேம்பு உலர்வலயத்து மரம்; தென்னையும் இவ்வுயரத்திற் செழிப்பதில்லை. அம்மனுக்கு வேப்பிலையும் குருத்தோலையும் வேண்டின் வெல்லவாயப் பக்கத்துத் தாழ்நிலத்திலிருந்தே மேலேற வேண்டும். காமனுக்கு வைக்கோல் வேண்டின் பள்ளத்தாக்கு வயலுக்குரிய சிங்கள விவசாயியிடம் கேட்டிருக்க வேண்டும். நீர் கீழே இறங்கியது; இலையும் ஓலையும் வைக்கோலும் மேலே ஏறின. விழாவின் பொருளாதாரம் தோட்ட எல்லைக்குள் அடங்கியதன்று.

கூட்டத்தால் விளையும் கேட்டை ஆட்சியாளர் அக்காலத்தில் அறியாமலில்லை. ஆனால் அவர்கள் கண்டது நோயை மட்டுமே. கதிர்காமத்து ஆடிவேல் யாத்திரையிலே வாந்திபேதி பரவும் என்ற அச்சத்தாற் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாத்திரிகரின் தொகையையும் போக்கையும் பிரித்தானிய அரசு கட்டுப்படுத்தியது. அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகவிருந்த லெனாட் வூல்ஃப் 1910 இல் அவ்விழாவை மேற்பார்வை செய்தார். பின்னாளிற் பெயர்பெற்ற எழுத்தாளராகிய அவருக்கும் அன்றைய கடமை மாணிக்க கங்கைக் கரையின் சுகாதாரமே. ஆங்கு அரசு அஞ்சியது மக்களின் உடல் தோட்டத்துக்குக் கொண்டுவரக்கூடிய நோயை. தோட்டம் ஆற்றுக்குக் கொண்டுவந்த சேற்றைப் பற்றி அஞ்சியதாகக் கூறமுடியாது.

மாற்றம் படிப்படியாகவே வந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியோராயினர். கப்பலேறியோரில் கூத்துப் பயிற்றிய வாத்தியார்களும் பாடல் அறிந்த முதியோரும் அடங்குவர் என்பதை எவரும் ஊகிக்கலாம்; கூத்து வாய்மொழியாகப் பயிலப்பட்ட கலையாதலால் ஒருவர் செல்லின் அவரோடு ஒரு நூலகமே செல்கின்றது. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1983 வன்செயல்கள் பதுளையையும் எரித்தன. 1992 இல் தோட்ட நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இதற்கிடையே தீப்பந்தத்தின் இடத்தைப் பெற்றோமாக்சும் பின்னர் மின்பிறப்பாக்கியும் பெற்றன. தப்பை ஒலிபெருக்கி விழுங்கியது. மாவிலைத் தோரணம் பொலித்தீன் கொடியாகவும், வாழையிலை ‘லஞ்ச் சீற்’ ஆகவும், பூமாலை பிளாஸ்டிக் மாலையாகவும் மாறின. மக்கள் சோம்பேறிகளாகி இவற்றை ஏற்றனர் என்று கூறுவது எளிது. நகரத்திற் கூலிவேலை செய்யும் இளைஞன் இரண்டு நாள் விடுமுறையில் வந்து தோரணம் கட்டவேண்டியிருக்கும்போது பின்னவும் முடையவும் நேரம் எங்கே? விலையும் குறைவு, மழைக்கும் அழிவதில்லை. அழியாமையே கேடாயிற்று.

சட்டம் தாமதமாகவேனும் வந்தது. ஒலிபெருக்கியின் இரவுப் பயன்பாட்டை உயர் நீதிமன்றம் 2007 இற் கட்டுப்படுத்தியது. 2017 செப்டெம்பர் 1 முதல் பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்களும் ரெஜிபோம் உணவுப்பெட்டிகளும் தடைசெய்யப்பட்டதோடு, அரசியல், சமய, பண்பாட்டு நிகழ்ச்சிகளிற் பொலித்தீன் அலங்காரமும் தடைசெய்யப்பட்டது. குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதும் விலக்கப்பட்டது. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பயன்படும் தட்டு, கோப்பை, கரண்டி ஆகியவற்றுடன் பிளாஸ்டிக் மாலையும் தடைப்பட்டியலிற் சேர்ந்தது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமே இவ்விதிகளுக்கு அடிப்படை.

இச்சட்டங்களை வரவேற்கும் நாம் இன்னொரு சட்டத்தையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தனியார் தோட்டங்களினுள்ளே சபையின் நிதியைக் கொண்டு சேவைகள் வழங்குவதற்குத் தடையாக அமைந்திருந்தது. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களித்தனர். சபையின் குப்பை வண்டியோ தோட்டப் பாதையில் ஏறவேண்டியதில்லை. 2018 இலேயே இப்பிரிவு திருத்தப்பட்டது. முப்பதாண்டுகளுக்கு மேலாகத் திருவிழாக் குப்பையைக் கொண்டுசெல்ல எவருமில்லாத இடத்திலே மக்கள் அதனை எரித்தனர், அல்லது சரிவிற் கொட்டினர். இலையும் பூவும் கொட்டப்பட்ட அதே சரிவிற் பொலித்தீனும் கொட்டப்பட்டது. பழக்கம் மாறவில்லை, பொருள் மாறியது. கேடு விளைந்தது அந்த இடைவெளியிலேதான்.

அதன் விளைவு ஓடையோடு முடிவதில்லை. மலைத்தோட்டத்தில் வாழ்ந்தோர்க்குக் ‘கான்’ என்பது இன்னதென விளக்க வேண்டியதில்லை. மழைநீர் மண்ணுள் இறங்கிச் சரிவைத் தளர்த்தாமல் வெளியேறும்பொருட்டு வெட்டப்பட்ட வடிகாலே கான்; கான் வெட்டுதல் தோட்டத்தில் ஒரு தனித்தொழில். கான் அடைபட்டால் நீர் தேங்கி உள்ளிறங்கும்; உள்ளிறங்கிய நீர் மண்ணின் பாரத்தைக் கூட்டிப் பிடிமானத்தைக் குறைக்கும்; சரிவு நழுவும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுட் புதைந்து பலர் மாண்டனர். அவ்விடம் ஆபத்தானதென்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. மாற்று நிலம்தான் உரிய வேளையிற் கிடைக்கவில்லை. தப்பியோர் பலர் பூனாகலைப் பாடசாலையிலும் தஞ்சமடைந்தனர். 2023 மார்ச்சில் பூனாகலைக் கபரகலையிலேயே மண்சரிவு வீடுகளை அழித்தது. இவ்வழிவுகளைத் திருவிழாப் பொலித்தீனின் தலையிற் சுமத்துவது அறிவீனம். பராமரிப்பற்ற வடிகால்களும் சரிவின் விளிம்பிலே விடப்பட்ட நூற்றாண்டுப் பழைமையான லயங்களும் பெருங்காரணங்கள். எனினும், தேர் கட்டுவதற்கு முன் கோயிலடியையும் பாதையோரக் கானையும் ஒருநாள் கூடித் துப்புரவாக்கும் சிரமதானம் உள்ள தோட்டத்துக்கும் அது இல்லாத தோட்டத்துக்கும் அடைமழை நாளில் வேறுபாடு உண்டு. விழாவுக்கு முந்திய அந்த ஒருநாள் உழைப்பு, விழாவுக்குப் பிந்திய நாளுக்கும் நீட்டப்படின் செலவு ஏதும் இல்லை. வாழையிலைக்கு மீள்வதும் இயலும்; ஊவாவில் வாழை உண்டு. தப்பு இன்றும் சில தோட்டங்களில் ஒலிக்கின்றது.

இயலாதிருப்பது ஒன்றுண்டு. காமன் பொட்டல் எந்தக் காணி உறுதியிலும் எழுதப்பட்டதன்று. வழக்கத்தினால் மட்டும் மக்களுக்குரியது. தோட்டம் நினைத்தால் அங்கே கன்று நடலாம், களஞ்சியம் எழுப்பலாம். 2015 இன் பின்னர் 7 பேர்ச்சஸ் காணியோடு தனிவீடுகள் அமைக்கும் திட்டம் தொடங்கியபோது லயத்திலிருந்து வெளியேறும் உரிமை முதன்முறையாகச் சிலருக்கேனும் கிட்டியது, அது பெரும்பேறு. ஆனால் லயத்துக்கு முன்னே ஒரு பொது வெளி இருந்தது. புதிய குடியிருப்புக்களின் நில அளவைப் படங்களிலே வீட்டுக்கும் பாதைக்கும் இடம் குறித்தோர், கம்பம் ஊன்றவும் கரகம் இறக்கவும் எத்தனை படங்களில் இடம் குறித்துள்ளனர் என்பதைத் தோட்டந்தோட்டமாகச் சென்று அளந்து பதிவுசெய்யும் பணி இன்னும் தொடங்கப்படாமலே கிடக்கின்றது. புவியியல் மாணவரும் வரலாற்று மாணவரும் இணைந்து ஒரு விடுமுறைக் காலத்திற் பூனாகலையிலிருந்தே அதனைத் தொடங்கலாம்.